இந்துமாக்கடலின் நீலத் திமிங்கிலம்

நீலத் திமிங்கிலத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்களில் காணப்படும் செய்திகளிற் பெரும்பாலானவை தென்துருவக் கடலிலிருந்து வந்தவை. அதன் நீளம், எடை, உணவு, வலசை ஆகிய யாவும் வேட்டைக் கப்பல்களின் தளத்திலே வெட்டுண்டு கிடந்த உடல்களை அளந்தும் அறுத்தும் பெற்ற விவரங்களே. அவை தவறானவை அல்ல. ஆயினும் இலட்சத்தீவுக்கும் இலங்கைக்கும் அரபு நாட்டுக் கரைக்கும் இடைப்பட்ட வெப்பக் கடலிலும் நீலத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. இவை தென்துருவத்தை ஒருநாளும் கண்டறியாதவை. இவற்றின் உடலளவு வேறு, இரை வேறு, பாட்டும் வேறு. இவற்றைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அறிந்தவற்றுள்ளும் ஒரு பகுதி, கரையில் ஒதுங்கிய உடல்களைக் கண்டவர் குறித்து வைத்ததனால் கிடைத்ததே. ஆதலின் கடற்கரையில் பணிபுரியும் ஊழியர்க்கும், கரையோரப் பள்ளிகளின் ஆசிரியர்க்கும் இவ்விலங்கு வெறும் வியப்புப் பொருளன்று.

உடலமைப்பு

திமிங்கிலம் மீன் அன்று என்பதை இக்காலத்து மாணவர் அனைவரும் அறிவர். அது நுரையீரலால் சுவாசிக்கின்றது. குட்டி ஈன்று பாலூட்டுகின்றது. உடல் வெப்பத்தை ஒரே நிலையில் காக்கின்றது. மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வாலோ கிடையாக அமைந்து மேலும் கீழுமாக அசையும். ஓங்கில் துள்ளுவதைப் பார்த்த மீனவச் சிறுவனுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை.

இன்று வாழும் பிராணிகளுள் நீலத் திமிங்கிலமே மிகப் பெரியது. தென்துருவக் கடலில் அறிவியலாளர் முறைப்படி அளந்தவற்றுள் மிக நீண்டது ஏறத்தாழ 30 மீட்டர். 1947-ஆம் ஆண்டில் பிடிபட்ட பெண் திமிங்கிலம் ஒன்றின் எடை 190 டன் எனக் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வினத்தில் ஆணைவிடப் பெண்ணே பெரியது. வட இந்துமாக்கடலில் வாழும் வகை சற்றுச் சிறியது; 24 மீட்டருக்கு மேல் வளர்வது அரிது. "சிறியது" என்னும் சொல்லை இங்கு எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். பள்ளி முற்றத்தில் 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு கிழித்து, அதன்மீது மாணவரை வரிசையாக நிற்கச் செய்தால், பாடத்தில் வரும் எண் பொருள் பெறும்.

இத்துணைப் பெரிய உடல் நிலத்தில் இயங்க முடியாது. எலும்பும் தசையும் தாங்கவேண்டிய சுமையைக் கடல்நீர் தாங்கிக் கொள்வதனாலேயே இவ்வளர்ச்சி இயன்றது. கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் நீரின்றி வாடி இறப்பதாகப் பொதுமக்கள் கருதுகின்றனர். உண்மையில் அதன் சொந்த எடையே மார்பை அழுத்தி மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தடுக்கின்றது; தடித்த கொழுப்புப் படலம் வெப்பத்தை வெளியே விடாமையால் உடல் உள்ளேயே கொதிப்படைகின்றது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மகாராஷ்டிரத்து ரேவ்தண்டா கடற்கரையில் ஒரு நீலத் திமிங்கிலம் உயிருடன் ஒதுங்கிற்று. அதனைக் கடலுக்குத் திருப்ப எடுத்த முயற்சி பயன் தரவில்லை.

இதயத்தைப் பற்றி ஒரு திருத்தம் தேவைப்படுகின்றது. நீலத் திமிங்கிலத்தின் இதயம் மோட்டார் வண்டி அளவினது என்றும், அதன் இரத்தக் குழாய்க்குள் மனிதன் நீந்தலாம் என்றும் பல நூல்கள் கூறும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் 2014-ஆம் ஆண்டு இறந்து ஒதுங்கிய திமிங்கிலத்தின் இதயத்தை ராயல் ஒன்டேரியோ அருங்காட்சியகத்தார் எடுத்துப் பாதுகாத்தனர். அதன் எடை ஏறக்குறைய 180 கிலோகிராம். பெரிய இதயந்தான், ஆயினும் மோட்டார் வண்டி அன்று. அதன் துடிப்பே அளவைவிட வியப்பிற்குரியது. கலிபோர்னியாக் கடலில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் தோலில் உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிய கருவி கொண்டு பெற்ற பதிவு 2019-இல் வெளியாயிற்று. ஆழத்தில் மூழ்கியிருந்தபோது நிமிடத்துக்கு 4 முதல் 8 துடிப்பும், சில வேளைகளில் 2 துடிப்பே கூடவும் இருந்தன. மேலே வந்து மூச்சு வாங்கியபோது அது 25 முதல் 37 வரை உயர்ந்தது. மூழ்கும்போது பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிட்டு, மேலே வந்ததும் கடனை அடைக்கும் ஏற்பாடு இது.

உணவும் பருவக்காற்றும்

இத்திமிங்கிலத்துக்குப் பல் இல்லை. மேல்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பலீன் எனப்படும் தகடுகள் 270 முதல் 395 வரை சீப்பின் பற்களைப் போல் தொங்குகின்றன. நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே இவையும் ஆனவை. உள்விளிம்பு தேய்ந்து நார் நாராகப் பிரிந்திருக்கும். தாடையின் அடியிலிருந்து கொப்பூழ் வரை நீண்ட மடிப்புப் பள்ளங்கள் ஓடுகின்றன. இரை திரண்டுள்ள இடத்தை நோக்கிப் பாய்ந்து திமிங்கிலம் வாயைத் திறக்கும்போது, இம்மடிப்புகள் விரிந்து தொண்டை ஒரு பெரும் பையாகின்றது. உடலெடைக்கு ஈடான நீர் அதனுள் புகுந்துவிடும் என மதிப்பிட்டுள்ளனர். பின்னர் வாயை மூடி நீரைத் தகடுகளின் வழியே வெளியேற்ற, இரை உள்ளே தங்குகின்றது. இறால் பிடிப்போர் தூரியை வீசி நீரை வடியவிடுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

பாய்ந்து வாய்திறக்கும் இச்செயல் மிகுந்த ஆற்றலைச் செலவழிப்பது. திறந்த வாய் நீரின் எதிர்ப்பால் உடலையே நிறுத்திவிடுகின்றது. அடுத்த பாய்ச்சலுக்கு மீண்டும் வேகம் கொள்ள வேண்டும். ஆகவே இரை அடர்த்தியாகத் திரண்டிருந்தாலன்றி இத்தொழில் கட்டுபடியாகாது. சிதறிக் கிடக்கும் இரை எவ்வளவு இருப்பினும் நீலத் திமிங்கிலத்துக்குப் பயனில்லை. வட பசிபிக் கடலின் கிழக்குப் பகுதியில் ஒரு நீலத் திமிங்கிலம் இரை தேடும் நாளொன்றுக்குச் சராசரி 16 டன் கிரில் உண்பதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. முன்னைய மதிப்பீடுகளை இது பன்மடங்கு மிஞ்சியது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு பொதுவாக ஊட்டச்சத்துக் குறைந்தது. பிற கடல்களின் நீலத் திமிங்கிலங்களுட் பல கோடையில் குளிர்க் கடலுக்குச் சென்று உண்டு கொழுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி ஈனுகின்றன. குளிர்க்கடலுக்கே போகாத வட இந்துமாக்கடல் திமிங்கிலம் எதனை உண்டு வாழ்கின்றது?

விடை பருவக்காற்றில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியாக் கரையையும் அரபுக் கரையையும் ஒட்டி வலுவாக வீசும்போது, மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலக்கப்படுகின்றது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அந்நீரில் உரச்சத்து மிகுதி. வெயில் படவே நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சிற்றிறால்கள் பெருகுகின்றன. இந்தியாவின் தென்மேற்குக் கரையிலும் இலங்கையின் தென்கடலிலும் இத்தகைய மேலெழுச்சி நிகழ்வதுண்டு. கேரளக் கரையில் மத்தியும் அயிலையும் பெருகுவதற்குக் காரணமான அந்நிகழ்ச்சியே திமிங்கிலத்துக்கும் சோறிடுகின்றது. மேற்கே மேலெழுச்சி வலுத்திருக்கும் மாதங்களில் பல திமிங்கிலங்கள் அங்கு மேய்ந்து, காற்று மாறியபின் இலட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கைப் பகுதிகளுக்குப் பரவி, மீண்டும் மேற்கே திரும்புகின்றன என ஆய்வாளர் கருதுகின்றனர். அதாவது, இவ்வலசை வடக்குத் தெற்காக அன்றிக் கிழக்கு மேற்காக அமைந்தது. இலங்கைக் கடலில் சில திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் தங்குவதும் அறியப்பட்டுள்ளது.

இரையும் தென்துருவத்ததன்று. இலங்கைக் கடலில் மிதந்த திமிங்கில மலத்தைச் சேகரித்து மரபணுச் சோதனை செய்தபோது, கிரில் அல்லாது செர்ஜஸ்டிட் குடும்பத்துச் சிற்றிறாலே மிகுதியாக இருந்தது. இம்முடிவு 2018-இல் வெளியாயிற்று. நீலத் திமிங்கிலம் கிரிலையே உண்ணும் என்னும் பாடநூல் வாசகத்துக்கு நம் பக்கத்துக் கடலே விலக்காக நிற்கின்றது.

குட்டியும் வளர்ச்சியும்

பெண் திமிங்கிலம் பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரை சூல் கொண்டு ஒரு குட்டி ஈனும். பிறந்த குட்டி ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும், இரண்டு மூன்று டன் எடையும் உடையது. தாயின் பால் பசும்பாலைப் போல் நீர்த்ததன்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. இப்பாலைக் குடித்துக் குட்டி நாளொன்றுக்கு 90 கிலோகிராம் வரை எடை கூடும். ஆறு ஏழு மாதத்தில் பால்குடி மறக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையே தாய் மீண்டும் ஈனும். எண்பது தொண்ணூறு ஆண்டு வரை வாழக்கூடிய இவ்விலங்கு, பெருகுவதில் இத்துணை மெதுவானது என்பதை நினைவில் இருத்தினால்தான் பின்வரும் வேட்டைக் கணக்கின் கொடுமை விளங்கும்.

பாட்டு

நீலத் திமிங்கிலத்தின் குரல் மிகத் தாழ்ந்தது. அதன் பெரும்பகுதி வினாடிக்கு 20 அதிர்வுக்கும் கீழ்ப்பட்டதாதலின் மனிதச் செவிக்குக் கேட்பதில்லை. நீருக்குள் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். ஒவ்வொரு கூட்டத்தாரும் தமக்கே உரிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். ஒரு கூட்டத்தின் பாட்டை மற்றொன்று பாடுவதில்லை. ஆகவே விலங்கைக் காணாமலே, கடலடியில் வைத்த ஒலிவாங்கி கொண்டு இன்ன கூட்டம் இங்கு வந்தது என்று கூற இயலுகின்றது. இலங்கைக் கூட்டத்தின் பாட்டு 1984-இல் திருகோணமலைக் கடலில் பதிவு செய்யப்பட்டது. ஓமான் கடலில் கேட்ட வேறொரு பாட்டு, அதுவரை அறியப்படாத ஒரு கூட்டத்துக்கு உரியது என 2020-இல் அறிவிக்கப்பட்டது. இலட்சத்தீவில் கவரத்தித் தீவின் அருகே வைத்த ஒலிவாங்கிகளில் இலங்கைப் பாட்டே பதிவாயிற்று. ஏப்ரல், மே மாதங்களில் அது மிகுந்திருந்தது.

வேட்டை

நீலத் திமிங்கிலம் வேகமாக நீந்துவது. இறந்தால் நீரில் மூழ்கிவிடுவது. இவ்விரு காரணங்களாலும் பாய்க்கப்பல் காலத்து வேட்டையாடிகள் அதனை நெருங்கவில்லை. நீராவிக் கப்பலும், நார்வே நாட்டு ஸ்வென் ஃபாயின் 1860-களில் சீர்செய்த வெடி ஈட்டித் துப்பாக்கியும் வந்தபின் அப்பாதுகாப்பு அகன்றது. தென்துருவக் கடலில் 1930-31 பருவம் ஒன்றிலேயே 29,000-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அக்கடலில் தொடக்கத்தில் 2,39,000 அளவில் இருந்தவை 1970-களின் தொடக்கத்தில் 360 அளவுக்குக் குறைந்தன எனப் பின்னாளைய கணக்கீடு காட்டிற்று.

இவ்வீழ்ச்சிக்குப் பேராசை மட்டுமன்றி ஒரு கணக்கு முறையும் துணைபுரிந்தது. வேட்டை வரம்பைத் திமிங்கில இனம்தோறும் விதிக்காமல், "நீலத் திமிங்கில அலகு" என்னும் பொது அளவால் விதித்தனர். ஒரு நீலத் திமிங்கிலம், இரண்டு துடுப்புத் திமிங்கிலம், இரண்டரைக் கூனல் திமிங்கிலம், ஆறு சேய்த் திமிங்கிலம் ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடு. எண்ணெயின் அளவை நோக்கின் இக்கணக்கு சரியே. ஆனால் ஒரு வெடியில் ஓர் அலகு நிறையுமாயின், எந்த வேட்டையாடி இரண்டு வெடி வைப்பான்? எண்ணிக்கையில் எவ்வளவு குறைந்தாலும் நீலத் திமிங்கிலமே முதற் குறியாக நீடித்தது. நீலத் திமிங்கில வேட்டைக்கு உலகளாவிய தடை 1966-இல் அமைந்தது.

வட இந்துமாக்கடல் இவ்வேட்டைக்குத் தப்பியது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. சோவியத் கப்பல்கள் 1960-களில் அரபிக்கடலிலும் அதனை அடுத்த கடல்களிலும் சட்டத்துக்குப் புறம்பாக 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன என்பது, மறைக்கப்பட்ட கணக்கேடுகள் பின்னாளில் வெளிவந்தபோதே தெரிந்தது. உலகம் இத்திமிங்கிலங்களை ஆராயத் தொடங்குமுன்பே அவற்றின் பெரும்பகுதி அழிந்திருக்கக்கூடும். 1979-இல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் இவ்விலங்கு இடம்பெற்றுள்ளது.

ஈட்டி ஓய்ந்தபின் கப்பலின் முகப்பு வந்தது. இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனையை ஒட்டிச் செல்லும் கப்பற் பாதை உலகின் நெருக்கடி மிக்க பாதைகளுள் ஒன்று. திமிங்கிலம் மேயும் இடமும் அதுவே. பாதையைச் சில கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் பெரிதும் குறையும் என ஆய்வாளர் வற்புறுத்தி வந்தனர். பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று 2022-இல் தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே விலகிச் செல்லப் பணித்தது.

கரையில் குறிக்க வேண்டியவை

கப்பல் மோதி இறந்ததாயினும் நோயுற்று இறந்ததாயினும், கரைக்கு வந்த உடல் ஓரிரு நாளில் உருக்குலையத் தொடங்கும். நம் நாட்டின் பழைய பதிவுகள் பலவற்றில் "பெரிய திமிங்கிலம், நீளம் இத்தனை அடி" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எவ்வினம் என்பதை அவற்றிலிருந்து இனி எவராலும் கூற முடியாது. துடுப்புத் திமிங்கிலம் என எழுதப்பட்டவற்றுட் சில ஐயத்துக்கு இடமானவை.

இனம் காண்பது அரிதன்று. கீழ்த்தாடையில் கூம்பு வடிவப் பற்கள் இருப்பின் அது ஸ்பெர்ம் திமிங்கிலம். பலீன் தகடு இருப்பின் தலையின் மேற்புறத்தைப் பார்க்க வேண்டும். மூக்குத் துளையிலிருந்து முகமுனை வரை நீளும் மேடுகள் மூன்றாயின் அது நம் கடலில் மிகுதியாக உள்ள பிரைடு திமிங்கிலம். மேடு ஒன்றேயாகித் தலை மேலிருந்து பார்க்க அகன்று வளைந்த வில்போல் இருந்தால் நீலத் திமிங்கிலமாகலாம். இதன் பலீன் தகடுகள் அடி முதல் நுனி வரை, நார் உட்பட, கருமையானவை. துடுப்புத் திமிங்கிலத்திலோ வலப்பக்கத்து முன் தகடுகள் வெளிறியும், வலக் கீழ்த்தாடை வெண்மையாயும் இருக்கும். நீலத் திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு உடலின் அளவுக்குப் பொருந்தாத சிறுமையுடையதாய், வாலுக்கு அருகே அமைந்திருக்கும். தோலின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. வெயிலில் கிடந்த உடலின் மேற்றோல் உரிந்து நிறம் மாறிவிடும்.

நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பிளவு வரை, உடலுக்குப் பக்கத்தில் மணலின் மீது நேர்கோடாக அளத்தல் வேண்டும். உடலின் வளைவின் மேல் நாடாவை வைத்து அளந்தால் நீளம் பொய்யாகக் கூடும். செய்தித்தாள்களில் வரும் மிகை அளவுகள் பலவும் இவ்வாறு நேர்ந்தவை. பால், பலீன் தகட்டின் நிறம், தொண்டை மடிப்புகளின் எண்ணிக்கை, கயிற்றுத் தடமோ வெட்டுக் காயமோ உளவா என்பன அடுத்துக் குறிக்கத்தக்கவை. தலையின் இரு பக்கங்களையும் மேற்புறத்தையும் படம் எடுத்தல் நன்று. அளவுக்கு அருகில் ஒரு கோல் கிடத்தல் வேண்டும். ஊதிய உடலை அறிந்தோர் துணையின்றிக் குத்துதலோ அறுத்தலோ கூடாது. உள்ளே அடைபட்ட வாயு வெடித்துப் புறப்படும். நோய் தொற்றும் அபாயமும் உண்டு. வனத்துறைக்கு அறிவித்து, அவர்தம் ஒப்புதலுடன் மட்டுமே எப்பகுதியையும் எடுக்கலாம்.

முறைப்படி அறுக்கும் வாய்ப்பு நேர்ந்தால், ஓர் உடல் சொல்லக்கூடியது எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கப்பல் மோதி இறந்த ஆண் நீலத் திமிங்கிலம் ஒன்றின் காதிலிருந்து மெழுகு அடைப்பை எடுத்தனர். இத்திமிங்கிலங்களின் செவிக் குழாய் வெளியே திறவாமையால் மெழுகு வாழ்நாள் முழுவதும் அடுக்கடுக்காகச் சேர்கின்றது. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஓர் அடுக்கு. மரத்தின் வளையங்களை எண்ணுவது போல் எண்ணி அதன் வயது பன்னிரண்டு எனக் கண்டனர். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சோதித்தபோது அது பருவமெய்திய காலம் தெரிந்தது. உடல் நெருக்கடியைக் காட்டும் சுரப்பு வயதோடு உயர்ந்து வந்தது தெரிந்தது. பூச்சிக்கொல்லி நஞ்சில் ஒரு பகுதி பிறந்த முதல் ஆண்டிற்குள்ளேயே, தாய்வழியாக, அதன் உடலில் புகுந்திருந்ததும் தெரிந்தது. எவரும் கண்டிராத பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை, ஒரு சாணளவு மெழுகில் எழுதப்பட்டிருந்தது.

வட இந்துமாக்கடல் நீலத் திமிங்கிலத்தின் அறிவியற் பெயரில் இறுதிச் சொல் "இண்டிகா" என்பது. அப்பெயரை 1859-ஆம் ஆண்டில் இட்டவர் கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளித். அவர் அவ்விலங்கைக் கடலில் கண்டு பெயரிடவில்லை. அரக்கான் கரையில் 1851-இல் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் கீழ்த்தாடை எலும்புகளும் வேறு சில எலும்புகளும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றைக் கொண்டே எழுதினார்.